அறுபதாம் கல்யாண வீடியோ

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் 2010-இல் திருக்கடையூரில் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு வேன், அதில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பின்னால் ஒரு கார். சிங்கப்பூரில் இருந்து வந்திருந்த சித்தப்பா மகன் புது ஹேண்டிகேம் ஒன்றை வைத்திருந்தான். கலசத் தண்ணீர் ஊற்றுவதில் ஆரம்பித்து மாலை மாற்றி, தாலி கட்டி, எல்லோரும் அட்சதை போட்டு முடிக்கிற வரை கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து அவனே எடுத்தான். "ஃபுல் எச்டிண்ணே" என்று என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னான். ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு படையே கூடத்தில் கூடியது. மானிட்டரை மேசையோடு இழுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். வீடியோ மூன்று வினாடி ஓடும், நிற்கும், திடீரென்று நாலு எட்டு தாண்டிக் குதிக்கும், மறுபடி நிற்கும். நாதஸ்வரம் மட்டும் யாருக்காகவும் காத்திராமல் போய்க்கொண்டே இருந்தது. கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்து, ஐயர் ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் திரையில் அப்பா தாலியைக் கையில் எடுத்தார்.

"மொதக் கல்யாணத்துலயும் இவன் இப்படித்தான் லேட்டு" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மானம் போனது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் வீட்டில் ஒரு வீடியோ ஓடவில்லை என்றால் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்?

அந்தக் கம்ப்யூட்டர் 2008-இல் அசெம்பிள் செய்தது. 2 கிகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், 2 ஜிபி ராம், மதர்போர்டோடு சேர்ந்தே வந்த கிராபிக்ஸ், விண்டோஸ் எக்ஸ்பி. டிவிடி போட்டுப் பார்க்கவும், அப்பா பென்ஷன் கணக்கு எழுதவும் தாராளமாகப் போதும். என்ன கோளாறு என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், சிபியு 52 சதவீதம் என்றது. பாதி சும்மாதானே இருக்கிறது, அப்புறம் ஏன் திணறுகிறது? பழியை ஹார்ட் டிஸ்க் மேல் போட்டேன். ராத்திரி முழுக்க டீஃப்ராக் ஓடியது. வைரஸ் ஸ்கேன் ஓடியது. வீடியோக்களைப் பிரிக்கும் மென்பொருள்கள் அடங்கிய கோடெக் மூட்டை ஒன்றை இறக்கிப் போட்டேன். அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பழைய பாட்டுகளும் ஓடாமல் போயின. காலையில் வீடியோ அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

அந்த 52 சதவீதத்துக்கு அர்த்தம் பிடிபட இரண்டு நாள் ஆனது. கோர் இரண்டு, அதில் ஒன்று மட்டும் நூற்றுக்கு நூறு உழைத்து, மற்றது கையைக் கட்டிக்கொண்டு நின்றால், சராசரியாகப் பாதிதான் தெரியும். சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்டும் மென்பொருளுக்கு டிகோடர் என்று பெயர். அந்தக் காலத்து இலவச டிகோடர்கள் பெரும்பாலும், எச்.264 என்கிற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலையை ஒரே கோரின் தலையில்தான் கட்டின. ஏன் இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால், வீடியோ எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரியில் பெயர், தெரு, எல்லாம் விவரமாக இருக்கும். அடுத்த வரியில் ‘மேற்படி’ என்று எழுதி, மாறிய தொகையை மட்டும் போடுவார்கள். வீடியோ மொத்தமும் இந்த ‘மேற்படி’யில்தான் நடக்கிறது. எப்போதாவது ஒரு பிரேம், அதாவது ஒரு தனிப் படம், முழுசாக எழுதப்படும். அதற்கடுத்த பிரேம்களில் எல்லாம் ‘இந்தச் சதுரம் மேற்படி, ஆனால் மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கிறது’ என்கிற குறிப்புதான் இருக்கும். 16-க்கு 16 புள்ளி கொண்ட சதுரம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறிப்பு. ஃபுல் எச்டி பிரேம் ஒன்றில் இப்படி 8,160 சதுரங்கள். வினாடிக்கு 25 பிரேம். அதாவது 8,160 குறிப்புகளையும் படித்து, பழைய பிரேமிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டி, ஒட்டின விளிம்பு தெரியாமல் தேய்த்துவிட, 40 மில்லி வினாடிதான் கெடு. கெடு தவறினால் பிளேயர் அந்தப் பிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். நாங்கள் பார்த்த குதியல் அதுதான்.

ஒட்டுவதும் தேய்ப்பதும் பல பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. குறிப்பைப் படிப்பதுதான் சிக்கல். இடத்தை மிச்சம் பிடிக்க அந்தக் குறிப்புகளும் ஒரு தனிக் கணக்கில் சுருக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிட்டுக்கு என்ன அர்த்தம் என்பது அதற்கு முன்னால் படித்ததைப் பொறுத்தது. ஒரே நாரில் பூ தொடுக்கிற மாதிரி. முதல் கண்ணி விழாமல் இரண்டாவது விழாது. பக்கத்தில் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நார் ஒரு கையில்தான் இருக்கும். பின்னாளில் வந்த டிகோடர்கள் ஆளுக்கொரு சரமாகக் கொடுத்து, அடுத்தடுத்த பிரேம்களைத் தனித்தனி கோர்களுக்குப் பிரித்துச் சமாளித்தன. 2010-இல் என் வீட்டு மேசையில் அது இல்லை.

ஹேண்டிகேம் எழுதியது ஏவிசிஎச்டி என்கிற வடிவம். சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்தது, உள்ளே இருப்பது எச்.264. வினாடிக்கு அதிகபட்சம் 24 மெகாபிட், அதாவது 3 எம்பி. பிரித்து விரித்தால் அதே ஒரு வினாடி கிட்டத்தட்ட 78 எம்பி ஆகிறது. டிவிடியின் பழைய சுருக்கம் இதன் பக்கத்தில் குழந்தை விளையாட்டு.

சரி, பிரிக்கும் வேலையை சிபியுவின் தலையிலிருந்து இறக்கிவைக்க ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவானது.

சென்னையில் வேலை என்பதால் ரிச்சி ஸ்ட்ரீட் கைக்கெட்டும் தூரம். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் அந்தச் சந்துக்குள் சனிக்கிழமை மத்தியானம் நுழைந்தவர்களுக்குத் தெரியும், நடப்பது நாமில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். கடைக்காரர் முதல் கேள்வியே "கேமா, டிசைனிங்கா?" என்றார். "வீடியோ பார்க்க" என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கு எதுக்கு சார் கார்டு?" என்றார். அவர் காட்டிய பெரிய கார்டுகளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, தாங்காது என்று எனக்கே தெரியும். கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அகலம், சின்ன விசிறி, தனி மின்வயர் வேண்டாம், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கேம் ஆடுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதில் இருந்தது 16 கோர். 2006-இல் வந்த பெரிய கேமிங் கார்டான ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸில் 128.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். எச்.264 வீடியோ விஷயத்தில் அந்த 128 கோர் கார்டால் முடியாததை இந்த 16 கோர் கார்டு செய்யும். காரணம், கார்டின் கோர்கள் ஒரே மாதிரி வேலையை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் செய்வதற்காகக் கட்டப்பட்டவை. பூ தொடுக்கிற வேலைக்கு அவை லாயக்கில்லை. அதனால் சிப்பின் ஒரு மூலையில் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனியாக ஒரு சின்னச் சுற்றைப் பொறித்து வைக்கிறார்கள். அதற்கு வேறு எந்த வேலையும் தெரியாது. இந்த வேலையை மட்டும் சொற்ப மின்சாரத்தில் அலுங்காமல் செய்யும். ஜிஃபோர்ஸ் சிப்புகளைச் செய்யும் என்விடியா அந்த மூலைக்குப் பியூர்வீடியோ என்று பெயர் வைத்தது, அதன் போட்டிக் கம்பெனி ஏடிஐ யுவிடி என்றது. எச்.264-ஐ ஆரம்பம் முதல் கடைசி வரை தானே பிரிக்கும் மூலை, என்விடியாவில் 2007 ஏப்ரலில் 8600, 8500 என்ற நடுத்தரக் கார்டுகளில்தான் முதலில் வந்தது. அதற்கு முன்பே வந்துவிட்ட, பல மடங்கு விலையுள்ள 8800 ஜிடிஎக்ஸில் அது இல்லை. ஏடிஐயிலும் அதே வருஷம் அதே கூத்து: ரேடியான் எச்டி 2400-லும் 2600-லும் யுவிடி இருந்தது, தலைமைக் கார்டான 2900 எக்ஸ்டியில் இல்லை. பெரிய கார்டு வாங்குகிறவனிடம் பெரிய பிராசசரும் இருக்கும், அவன் எப்படியும் சமாளித்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் கார்டை மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரை போனேன். காலையில் கேபினட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு வருஷத்துத் தூசி. பிரஷ்ஷால் தட்டி, பழக்க தோஷத்தில் ராம் குச்சியின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டி, நீள ஸ்லாட்டில் கார்டைச் செருகினேன். ‘க்ளிக்’ என்று கொக்கி விழுந்தது. டிரைவர் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீடியோவைத் தட்டினேன்.

மூன்று வினாடி ஓடியது. நின்றது.

அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கார்டை மாட்டினால் மட்டும் போதாது என்பது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. பிளேயர் தன் போக்கில் பழைய டிகோடரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கார்டில் ஒரு மூலை சும்மா இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. விண்டோஸில் பிளேயருக்கும் அந்த மூலைக்கும் நடுவில் தரகு பார்ப்பதற்கு டிஎக்ஸ்விஏ என்று மைக்ரோசாஃப்ட் வைத்த ஒரு வழி உண்டு. அதில் இரண்டாம் பதிப்பு விஸ்டாவோடு வந்தது, எக்ஸ்பிக்குக் கிடையாது. எக்ஸ்பியில் முதல் பதிப்போடு ஒத்துப்போகிற பிளேயர் வேண்டும். மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமாவை இறக்கி, நான் முன்பு போட்ட கோடெக் மூட்டையை வேரோடு பிடுங்கி, அமைப்புகளில் டிஎக்ஸ்விஏ உள்ள எச்.264 டிகோடருக்கு டிக் போட்டு, படத்தைத் திரையில் காட்டும் முறையை மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, பிளேயரின் அடிவரியில் ஓடுகிறது என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டிஎக்ஸ்விஏ என்ற நாலெழுத்து வந்தது. டாஸ்க் மேனேஜரின் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஏழு சதவீதம். சில நேரம் ஐந்து.

அப்பா தாலி கட்டினார். கெட்டிமேளம் அப்போதே முழங்கியது.

அம்மா கரண்டியோடு ஓடிவந்து நின்றபடியே முழுசையும் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு அவள் கேட்டது: "ஏன்டா, சேலை ஜரிகை எல்லாம் சீப்பு மாதிரி இருக்கு?"

உண்மைதான். அம்மா திரையில் திரும்பும்போதெல்லாம் பட்டுச்சேலையின் விளிம்பு பல் பல்லாகப் பிரிந்தது. அந்த ஹேண்டிகேம் பிரேம்களை முழுசாக எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். இந்த அரைப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். வினாடிக்கு ஐம்பது ஃபீல்டு. பழைய டிவி காலத்து வழக்கம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டி அந்தக் காலத்தில் வகுத்த எண், எச்டி வந்தும் ஒட்டிக்கொண்டே இருந்தது. குழாய் டிவியில் வரி விட்டு வரி வரைவதால் கண்ணுக்குத் தெரியாது. எல்சிடி எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், ஆள் அசைந்தால் இரண்டு வேறு நேரத்து அரைப் படங்கள் பின்னிக்கொண்டு சீப்பாகத் தெரியும்.

இதைச் சரிசெய்யும் வேலைக்கு டிஇன்டர்லேசிங் என்று பெயர். இதுவும் கார்டால் ஆகும். ஆனால் இதைப் பெரும்பாலும் அந்தத் தனி மூலை செய்வதில்லை, பொதுக் கோர்கள்தான் செய்கின்றன. அசையாத இடத்தில் இரண்டு ஃபீல்டையும் அப்படியே சேர்த்துப் பின்னுவது, அசையும் இடத்தில் விட்டுப்போன வரிகளை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புவது, கோணலாக ஓடும் விளிம்புகளை அதன் சாய்விலேயே தொடர்ந்து போய் நிரப்புவது என்று படிகள் உண்டு. மேல்படிக்குப் போகப் போக கோர் பலம் வேண்டும். கோர் எண்ணிக்கை முக்கியமில்லை என்று கொஞ்சம் முன்பு பார்த்ததற்கு இந்த ஒரு இடம் விலக்கு. நான் வைத்திருந்த 16 கோரில் நடுப்படி வரைக்கும்தான் ஏறினேன். ஜரிகை முழுசாகத் திருந்தவில்லை, ஆனால் அம்மா மறுபடி கேட்கவில்லை.

அந்த வருஷத்துத் தீபாவளிக்குள் தெருவில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. ஆளாளுக்குப் பென் டிரைவோடு வருவார்கள். சிலருடைய வீடியோக்கள் வெண்ணெய் மாதிரி ஓடும், சிலது பச்சைக் கட்டமும் ஊதாக் கட்டமுமாக உடைந்து கோரமாகத் தெரியும். எச்.264-இல் லெவல் என்று ஒரு வரம்பு உண்டு. அந்தத் தலைமுறைக் கார்டுகளின் மூலை பொதுவாக ப்ளூரேக்குரிய லெவல் 4.1-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த வரம்பில் ஃபுல் எச்டிக்கு ‘மேற்படி’ சொல்ல நாலு பழைய பிரேம்களைத்தான் கையில் வைத்துக்கொள்ளலாம். சிலர் இடத்தை இன்னும் மிச்சம் பிடிக்கப் பதினாறு பிரேம் வரை பின்னால் போய் மேற்படி போட்டுச் சுருக்கியிருப்பார்கள். வன்பொருளுக்கு அது ஒத்து வராது. 2011 வாக்கில் ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்கள் நிறத்துக்கு எட்டு பிட்டுக்குப் பதில் பத்து பிட் செலவழிக்கும் எச்.264-க்கு மாறினார்கள், வானத்தின் நிறமாற்றம் படிப்படியாகத் தெரியாமல் வழுவழுவென்று இருக்கும் என்பதற்காக. அழகாகத்தான் இருந்தது. கார்டுகளின் மூலைகளுக்கோ எட்டு பிட் மட்டுமே தெரியும். அந்தக் கோப்புகளுக்கு மறுபடியும் சிபியுதான் கதி.

‘கார்டு போட்டால் படம் இன்னும் தெளிவாக வருமா?’ என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வராது. எச்.264-ஐப் பிரிக்கும் கணக்கு முழு எண்களில் கடைசிப் புள்ளி வரை நிர்ணயிக்கப்பட்டது. ஒழுங்காகச் செய்யும் டிகோடர் எதுவானாலும், சிபியுவோ கார்டோ, ஒரே படம்தான் வரும். வித்தியாசம் வருவது அதற்குப் பிறகு: சின்னதைப் பெரிதாக்கும்போது, சீப்பை எடுக்கும்போது, நிறத்தை மாற்றும்போது. இந்த நிற விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு குடும்பத் தகராறே நடந்தது. 2012-இல் எல்சிடி டிவி வாங்கி எச்டிஎம்ஐ வயரில் கம்ப்யூட்டரைச் சொருகினேன். படம் வெளிறிப்போய், கருப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. பெரியப்பா அன்றைக்குக் கல்யாணத்துக்கென்று பளபளவென்று டை அடித்து வந்திருந்தார். டிவியில் தலை முழுக்க நரை. "இதுக்குப் பழைய பொட்டியே தேவலாம்" என்று எழுந்துபோகப் பார்த்தார். வீடியோவில் கருப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கம்ப்யூட்டர் திரைக்கோ கருப்பு 0, வெள்ளை 255. நடுவில் யாராவது விரிக்க மறந்தால் கருப்பு சாம்பலாகும், இரண்டு பேரும் விரித்தால் நிழலில் இருப்பவர்கள் காணாமல் போவார்கள். டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் ஒரே ஒரு தேர்வு, 0 முதல் 255 வரை. அதை மாற்றியதும் பெரியப்பாவுக்கு முடி கறுத்தது.

டிவி வந்த பிறகு இன்னொன்றும் தீர்ந்தது. மானிட்டரில் சிபியு ஐந்து சதவீதம், ஒரு பிரேம்கூடத் தவறவில்லை என்று கணக்கு காட்டியும், கேமரா மெதுவாகக் கோபுரத்தைக் கீழிருந்து மேலே பார்க்கும் இடத்தில் மட்டும் ஏதோ கல் தடுக்கிய மாதிரி இருந்தது. இந்தக் குற்றத்தில் கார்டுக்குப் பங்கில்லை. மானிட்டர் வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, வீடியோவிடம் இருப்பது ஃபீல்டுக்கு ஒன்றாக 50 படம். அறுபது இலையில் ஐம்பது அப்பளம் மாதிரி. ஐந்து படத்துக்கு ஒன்று என்று இரண்டு தடவை காட்டித்தான் ஒப்பேற்ற வேண்டும். வினாடிக்குப் பத்து தடவை தடுக்கும். சினிமா இன்னும் மோசம். 24 படத்தை 60-க்குள் அடைக்க, ஒரு பிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று நொண்டி நொண்டிக் காட்ட வேண்டும். டிவி 50 ஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டது. அன்றைக்குத்தான் திருக்கடையூர்க் கோபுரம் வழுக்கிக்கொண்டு மேலே போனதைப் பார்த்தேன். வீடியோ தடுக்குகிறது என்று புதுக் கார்டு வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஸ்கிரீன் எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது?

இல்லாத பிரேம்களைக் கார்டே கற்பனையாக வரைந்து நடுவில் செருகி 60 ஆக்கும் வித்தையும் உண்டு. டிவிக்காரர்கள் இதை ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். எனக்கு ஆகாது. கோடி ரூபாய் போட்டு எடுத்த படம் மத்தியான மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்தும் 2018-இல் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே சிங்கப்பூர் தம்பி, இப்போது கையில் ஐபோன், தன் குழந்தை தவழ்வதை 4கே-யில், வினாடிக்கு 60 பிரேமாக எடுத்து அனுப்பினான். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தப் போன்கள் எச்.264-ஐ விட்டு, அதற்கடுத்து வந்த ஹெச்இவிசி என்கிற சுருக்கத்துக்கு மாறியிருந்தன. என் சென்னைக் கம்ப்யூட்டரில் நாலு கோரும் நூறைத் தொட்டு, குழந்தை பத்து வினாடியில் ஒரு எட்டு வைத்தது. பிரேமுக்குக் கெடு இப்போது 17 மில்லி வினாடிக்கும் குறைவு, புள்ளிகளோ ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு. சரி, நல்ல பலசாலியாகப் பார்த்து ஒரு கார்டு வாங்குவோம் என்று, பழைய பாடத்தை எல்லாம் மறந்து, 2013-ஆம் வருஷத்துப் பெரிய கேமிங் கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். 2,300 கோர். 250 வாட். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றினேன். வீடியோவைப் போட்டால், சிபியு மறுபடி நூறு. கார்டு அசையவே இல்லை. ஹெச்இவிசி தரமாக வெளியானதே 2013-இல்தான். அதற்கு முன்பே வரைந்து முடித்த சிப்பின் மூலைக்கு அந்த பாஷை எப்படித் தெரியும்? தப்பு முழுக்க என்னுடையது. அதை அடுக்குமாடியில் கேம் ஆடுகிற ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு ஜிடி 1030 வாங்கினேன். 384 கோர், 30 வாட், விசிறிகூட இல்லாத வகை. குழந்தை தவழ்ந்தது.

பாஷை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எச்.264 2003, ஹெச்இவிசியும் விபி9-உம் 2013, ஏவி1 2018. யூடியூப் விபி9-ஐ அனுப்ப ஆரம்பித்தபோது, அதுவரை நன்றாக ஓடிய பழைய மடிக்கணினிகள் திடீரென்று சூடேறி இரைந்தன, யூடியூபை எச்.264-ஐயே அனுப்பவைக்கும் ஒரு சின்ன பிரவுசர் நீட்சியைப் போட்டுத்தான் அத்தையின் லேப்டாப்பைக் காப்பாற்றினேன். கார்டு வாங்குகிற கதையும் மாறவில்லை. 2021-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600-க்கு ஏவி1 பிரிக்கத் தெரியும். அடுத்த வருஷம் வந்த 6500 எக்ஸ்டிக்குத் தெரியாது. கார்டின் பெயரையும் விலையையும் வைத்து எதையும் ஊகிக்க முடியாது. எந்த பாஷை, எத்தனை பிட், அவ்வளவுதான் கேள்வி.

பார்ப்பது இப்போது சுலபம். விண்டோஸ் 10-இல் 2017 கடைசியிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே ஜிபியு பக்கம் வந்துவிட்டது. அதில் வீடியோ டிகோட் என்ற பெட்டியில் கோடு எழும்பினால் மூலை வேலை செய்கிறது. தரையில் கிடந்தால், பாரம் முழுக்க சிபியுவின் தலையில். விஎல்சி 2018-இல் வந்த 3.0 முதல் வன்பொருள் டிகோடிங்கைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. முன்பு மூன்று நாள் மல்லுக்கட்டிய விஷயத்துக்கு இப்போது டிக் போடக்கூட வேண்டியதில்லை. தனிக் கார்டும் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. இன்டெல் 2011-இல் தன் பிராசசருக்குள்ளேயே வலுவான மூலை ஒன்றைப் பொறித்துக் கொடுத்ததிலிருந்து நான் யாருக்கும் வீடியோவுக்கென்று கார்டு வாங்கச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். விதிவிலக்கு, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள். எங்கள் அப்பா அந்த ஜாதி.

போன பொங்கலுக்கு அந்தக் கோப்புகளை மறுபடி எடுத்தோம். தனிக் கார்டு இல்லாத லேப்டாப், டிவியில் சொருகியது. சிபியு இரண்டு சதவீதம். சீப்பெடுக்கும் வேலையில் மேல்படிக்கே போனேன், ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாக விரித்து வினாடிக்கு ஐம்பது. ஜரிகை ஒரு பல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. அட்சதை போடும் கட்டம் வந்தது. வரிசையில் அப்பத்தா. 2010-இல் அவளுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, மகன் தலையில் அட்சதை போடக் கையைத் தூக்கினாள்.

"அப்படியே நிறுத்து" என்றாள் அம்மா.

நிறுத்தினேன். அரிசி அப்பத்தா விரலுக்குள் இருந்தது. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பட்டனை ஒரு தடவை தட்டினேன். ஐம்பதில் ஒரு பங்கு வினாடி நகர்ந்தது. விரல் கொஞ்சம் விரிந்தது. இன்னொரு தட்டு. நாலைந்து மணிகள் விரலை விட்டு வந்து அந்தரத்தில் நின்றன, மஞ்சள் ஒட்டியிருப்பதுகூடத் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு தட்டு" என்றார் அப்பா.